கூரை கழலாத வண்டிக்கு ஸ்கவுட் என்று பெயரா?

இரும்புக்குதிரை:
இன்னொரு திரியில் மின்னோட்டம் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன். "பழைய ஆஃப்ரோடு பிராண்டுகளைத் தூசி தட்டி எடுத்தவர்களில் பாரம்பரியத்தைச் சிதைக்காமல் காப்பாற்றியது ஸ்கவுட் மட்டும்தான். ஃபோக்ஸ்வாகன் செய்த வேலைக்குக் கைதட்ட வேண்டும்" என்கிறார். கைதட்டுவதற்கு முன் அந்த வண்டியின் கதையை ஒருமுறை படித்திருக்கலாம்.

அமெரிக்காவில் டிராக்டரும் லாரியும் செய்துகொண்டிருந்த இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961 மாடலாக ஸ்கவுட் 80ஐ இறக்கியது. கூரை கழலும், கதவு கழலும், முன்கண்ணாடியை மடக்கி பானெட் மேல் சாய்க்கலாம். 1971ல் ஸ்கவுட் டூ வந்தது. அதிலும் போல்ட்டைக் கழற்றினால் கூரை தனியாக வந்துவிடும். 1976ல் வீல்பேஸை, அதாவது முன் பின் சக்கரங்களுக்கு இடையிலான நீளத்தை, 100 அங்குலத்திலிருந்து 118 அங்குலத்துக்கு நீட்டி டிராவலர் என்று ஒன்றை விட்டார்கள். அதற்கு ஃபைபர் கிளாஸ் கூரை, அதுவும் கழலும். 1980 அக்டோபரில் எல்லாம் நின்றுபோனது. இத்தனை வருடங்களில் எஞ்சின் மாறியது, கிரில் மாறியது, நீளம் மாறியது. கழலும் கூரை மட்டும் மாறவில்லை.

இப்போது ஸ்கவுட் பெயர் ஃபோக்ஸ்வாகன் கையில். 2024 அக்டோபரில் அதே டிராவலர் பெயரில் புது மின்சார வண்டியைக் காட்டினார்கள். அசையாத கண்ணாடிக் கூரை. அது வேண்டாம் என்றால் பட்டனை அமுக்கினால் மடங்கும் துணிக்கூரை. கதவும் கழலாது. இதில் எது காப்பாற்றப்பட்ட பாரம்பரியம்?

மின்னோட்டம்:
என் பதிவிலிருந்து உங்களுக்கு வசதியான வரியை மட்டும் எடுத்து வந்திருக்கிறீர்கள். காரணங்களையும் அதே பதிவில் வரிசையாக எழுதியிருந்தேன். புது ஸ்கவுட்டுக்குத் தனி லேடர் சேஸி, அதாவது உடம்புக்கு அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம் இருக்கிறது. பின்னால் சாலிட் ஆக்ஸில், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு. முன்னும் பின்னும், இரு பக்கச் சக்கரமும் சேர்ந்தே சுற்றும்படி பூட்டும் மெக்கானிக்கல் டிஃபரென்ஷியல் லாக். 35 அங்குல டயர் போடலாம். தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் இடைவெளி. உள்ளே தட்டுகிற சுவிட்ச், திருகுகிற குமிழ். முன்னால் பெஞ்ச் சீட்கூட வாங்கலாம். இன்றைக்கு ஒரு மின்சார வண்டிக்கு சாலிட் ஆக்ஸில் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

மற்றவர்கள் செய்ததைப் பாருங்கள். 1969ல் முழுக்கூரையும் கழலும் வண்டியாகப் பிறந்தது செவர்லே பிளேசர். அந்தப் பெயரை 2019 மாடலில் சாதாரண கிராஸ்ஓவர் மேல், அதாவது காரைப் போலக் கட்டிய எஸ்யூவி மேல் ஒட்டிவிட்டார்கள். லேண்ட் ரோவர் டிஃபென்டரின் உற்பத்தி 2016 ஜனவரியில் இங்கிலாந்தின் சோலிஹல் ஆலையில் நின்றது. 2019ல் திரும்பி வந்தபோது லேடர் சேஸியே இல்லை, உடம்பும் சட்டமும் ஒன்றான மோனோகாக். இவர்களோடு வைத்துப் பார்த்தால் ஸ்கவுட் எவ்வளவோ மேல்.

இரும்புக்குதிரை:
இவ்வளவு எழுதியும் கூரையைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் கேட்டது அது ஒன்றுதான். கழலுமா, கழலாதா?

கிளட்ச்:
கழலாது. அடுத்த கேள்வி கேளுங்கள் அண்ணே.

மேட்டுப்பாதை:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஹார்வெஸ்டர் என்று பெயர் வைத்து ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் தருகிறார்கள். அது சக்கரத்தைச் சுற்றாது, பேட்டரிக்கு மின்சாரம் மட்டும் கொடுக்கும். முழு மின்சார வண்டி சுமார் 350 மைல், ஜெனரேட்டர் இருந்தால் சுமார் 500 மைல் என்கிறார்கள். முன்பதிவு செய்தவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஜெனரேட்டர் உள்ளதைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று தலைமை அதிகாரி ஸ்காட் கீயோவே சொல்லியிருக்கிறார். பாலைவனத்தில் சார்ஜர் கிடைக்காது, பெட்ரோல் கேனில் கொண்டுபோகலாம். ஆஃப்ரோடு வண்டிக்கு இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது? கூரையைப் பிடித்துத் தொங்காமல் இதைப் பேசலாமே.

இரும்புக்குதிரை:
எஞ்சினைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. பழைய ஸ்கவுட்டிலும் எஞ்சின் கலவைதான். 304 கன அங்குல வி8 எஞ்சினில் ஒரு பக்கத்து நாலு சிலிண்டரை மட்டும் வைத்துச் செய்ததுதான் முதல் 152 கன அங்குல எஞ்சின். அப்புறம் ஏஎம்சி என்ற இன்னொரு அமெரிக்க கார் கம்பெனியிடம் ஆறு சிலிண்டர் எஞ்சின் வாங்கினார்கள், 1976ல் நிசானிடம் டீசல் வாங்கினார்கள். எஞ்சின் எங்கிருந்து வந்தாலும் அது ஸ்கவுட்டாகவே இருந்தது. ஏனென்றால் அதன் அடையாளம் எஞ்சினில் இல்லை, திறந்த உடம்பில் இருந்தது. இதைத்தான் முதல் பதிவிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பழைய_சாவி:
ஸ்கவுட் டூ வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் கூரையை இறக்குவதைப் பற்றி இவ்வளவு கனவோடு எழுதுபவர் அதை ஒருதடவையாவது தூக்கியிருப்பாரா என்று சந்தேகம் வருகிறது. அது இரும்பு. தனியாள் வேலை இல்லை. இறக்கினால் வைக்க இடம் வேண்டும். திரும்ப மாட்டினால் ரப்பர் சரியாக உட்காராது, மழைக்கு ஒழுகும். ஒழுகின தண்ணீர் தரைத்தகட்டில் நிற்கும், அங்கே துரு பிடிக்கும். ஸ்கவுட்டைக் கொன்றது துருதான், அதை வைத்திருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த பலர் அந்தக் கூரையைத் தொடுவதே இல்லை.

இரும்புக்குதிரை:
தொடாமல் வைத்திருப்பது உங்கள் விருப்பம். கழற்ற முடிந்தும் கழற்றாமல் இருப்பது வேறு, கழற்றவே முடியாமல் இருப்பது வேறு. துருவுக்குக் கூரையைக் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. அந்தக் காலத்துத் தகட்டுக்குத் துருத்தடுப்பு போதவில்லை. ஃபைபர் கிளாஸ் கூரை இருந்த டிராவலரிலும் கீழே இரும்புத் தகடு அரித்துத்தான் போனது.

மின்னோட்டம்:
சரி, கூரைக்கே வருகிறேன். கூரையைக் கழற்றும்படி செய்தால் வண்டி கவிழும்போது ஆட்களைக் காப்பாற்ற உள்ளே தனியாக ரோல் பார் என்ற இரும்புக் குழாய்ச் சட்டம் அமைக்க வேண்டும். ஓரத்தில் விரியும் கர்ட்டன் ஏர்பேக்கைக் கூரையில் வைக்க முடியாது, வேறு இடம் பார்க்க வேண்டும். மூட்டுகளில் காற்றுச் சத்தம் வரும், எடை கூடும், மின்சார வண்டிக்கு ஓடும் தூரமும் குறையும். 1961ல் சீட் பெல்ட்டைப் பற்றிக்கூட யாரும் கவலைப்படவில்லை. அன்றைய வண்டியை இன்றைக்கு அப்படியே செய் என்பது பிடிவாதம்.

இரும்புக்குதிரை:
எல்லாவற்றுக்கும் பதில் ஏற்கனவே சாலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1996ல் நின்ற ஃபோர்டு பிராங்கோ 2021 மாடலாகத் திரும்பி வந்தது. கூரை கழலும், கதவு கழலும், கர்ட்டன் ஏர்பேக்கும் உண்டு. ஜீப் ராங்லருக்கு 2024ல் கர்ட்டன் ஏர்பேக் வந்தது, கூரை இன்னும் கழல்கிறது. ஃபோர்டாலும் ஜீப்பாலும் முடிந்ததை, உலகின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்றால் முடியாதாம். செலவைக் குறைத்தார்கள் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள்.

பழைய_சாவி:
பிராங்கோவை எடுத்தது நல்லதாகப் போயிற்று. 2021ல் அந்தக் கழலும் ஹார்ட் டாப்புக்கு, அதாவது கெட்டிக் கூரைக்கு, என்ன ஆனது? தேனடை போல் கோடு விழுந்து, தரம் சரியில்லை என்று வந்த அத்தனை ஹார்ட் டாப்பையும் ஃபோர்டே மாற்றிக் கொடுத்தது. அப்போது இங்கே பெரிய சண்டை நடந்ததே. "வெறும் மேற்பூச்சுப் பிரச்சினை, ஊதிப் பெருக்குகிறார்கள்" என்று எழுதினது இரும்புக்குதிரைதான். நான் மறக்கவில்லை.

இரும்புக்குதிரை:
நானும் மறக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் "பிராங்கோ இத்தோடு முடிந்தது" என்று எழுதினீர்கள். முடிந்ததா? கூரை செய்து கொடுத்த சப்ளையர் சொதப்பினார், ஃபோர்டு மாற்றிக் கொடுத்தது, கூரை இன்றும் கழல்கிறது. பழைய கணக்கைத் தீர்க்க வேண்டுமென்றால் அந்தத் திரிக்குப் போங்கள், இது ஸ்கவுட் திரி.

கிளட்ச்:
பிராங்கோவை முதலில் கொண்டுவந்தது நீங்கள்தானே? பிராங்கோ என்ற பெயரையே பிராங்கோ ஸ்போர்ட் என்று ஒரு சின்ன கிராஸ்ஓவர் மேலும் ஒட்டியிருக்கிறது ஃபோர்டு. அதன் கூரை கழலுமா? அதையும் கொஞ்சம் திட்டுங்கள்.

இரும்புக்குதிரை:
திட்டத்தான் செய்கிறேன். பிராங்கோ ஸ்போர்ட் அந்தப் பெயருக்கு இழுக்கு. ஆனால் உண்மையான பிராங்கோ பக்கத்திலேயே நிற்கிறது, வேண்டியவர்கள் அதை வாங்கலாம். ஸ்கவுட்டில் அந்த வழியும் இல்லை. டிராவலர் எஸ்யூவி, டெர்ரா பிக்கப், அவ்வளவுதான். இரண்டு கதவு வண்டியே கிடையாது. 1980 வரை விற்ற ஸ்கவுட் எல்லாம் இரண்டு கதவுதான், அது தெரியுமா?

மின்னோட்டம்:
இப்போது கதவுக்குத் தாவிவிட்டீர்கள். நாளைக்கு முன்கண்ணாடி மடியவில்லை என்பீர்கள். ஸ்கவுட் டூவிலேயே மடியும் முன்கண்ணாடி கிடையாது. உங்கள் கணக்குப்படி 1971லேயே பாரம்பரியம் செத்துவிட்டதா?

இரும்புக்குதிரை:
முன்கண்ணாடி போனாலும் கூரை இருந்தது. திரும்பத் திரும்ப ஒன்றையேதான் சொல்கிறேன், திரும்பத் திரும்ப அதைச் சுற்றிக்கொண்டு போகிறீர்கள்.

மேட்டுப்பாதை:
இந்தப் பெயர் இவர்கள் கைக்கு எப்படி வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் தொழிலை விற்றுவிட்டு 1986ல் நவிஸ்டார் ஆனது. ஃபோக்ஸ்வாகனின் லாரிப் பிரிவான டிராட்டன் 2021ல் நவிஸ்டாரை வாங்கியது லாரி வியாபாரத்துக்காக. ஸ்கவுட் பெயர் அந்த மூட்டையோடு வந்தது. நாற்பது வருடம் பெட்டியில் கிடந்த பெயர். அதை எடுத்து, புது கம்பெனி தொடங்கி, தென் கரோலைனாவில் பிளைத்வுட்டில் 200 கோடி டாலரில் தொழிற்சாலை கட்டுகிறார்கள். அமெரிக்க வண்டியை அமெரிக்காவிலேயே செய்கிறார்கள். இதற்காவது மதிப்பு கொடுங்கள்.

பழைய_சாவி:
2015ல் டீசல் புகைச் சோதனையில் ஏமாற்றி மாட்டிக்கொண்ட கம்பெனி ஃபோக்ஸ்வாகன். அந்தச் சேற்றைக் கழுவ அவர்களுக்கு அமெரிக்கர் நேசிக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது. எனக்கு இதில் கூரையைவிட அதுதான் உறுத்துகிறது.

மின்னோட்டம்:
ஆரம்பித்துவிட்டார். எந்தத் திரியாக இருந்தாலும் 2015ஐக் கொண்டுவராமல் உங்களுக்குத் தூக்கம் வராது. அந்த ஊழலுக்கும் இன்று ஸ்கவுட்டை வடிவமைக்கும் பொறியாளருக்கும் என்ன சம்பந்தம்?

பழைய_சாவி:
நம்பிக்கைக்கும் பெயருக்கும் உள்ள சம்பந்தம்தான். பழைய ஸ்கவுட்டை விற்றது டிராக்டர் டீலரும் லாரி டீலரும். கடை வைத்திருந்தவர் வண்டியை விற்பார், கெட்டுப்போனால் அவரே பழுது பார்ப்பார், பட்டன் அழுத்தி வாங்கின வண்டி இல்லை. இப்போது டீலரே வேண்டாம், நேரடியாக விற்போம் என்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன் டீலர்களே வழக்குப் போட்டிருக்கிறார்கள். பாரம்பரியம் என்று பேசினால் இதையும் பேசுங்கள்.

மேட்டுப்பாதை:
டீலர் இல்லாமல் இருப்பதே நல்லது. ஒரு வண்டிக்குப் பதிவு செய்துவிட்டு, கைக்கு வரும் நாளில் மேலே ஒரு தொகை கூட்டிக் கேட்ட டீலரிடம் நான் அவதிப்பட்டிருக்கிறேன். விலையைக் கம்பெனி சொல்லட்டும், அதைக் கொடுத்து வாங்குகிறேன்.

பழைய_சாவி:
மலையடிவாரத்தில் கியர் உடைந்து நிற்கும்போது அந்தக் கம்பெனியின் இணையதளம் வந்து இழுத்துப் போகுமா?

மேட்டுப்பாதை:
உங்கள் டீலர் மட்டும் வருவாரா? சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஷட்டர் இறங்கிவிடும்.

இரும்புக்குதிரை:
டீலர் சண்டையை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்திடம் கடைசியாகக் கேட்கிறேன். சாலிட் ஆக்ஸில் என்று பெருமையாகச் சொன்னீர்கள். பின்னால் மட்டும்தான் சாலிட், முன்னால் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் இன்டிபென்டென்ட். பழையதில் முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில், இலை ஸ்பிரிங். ஆக, உங்கள் பட்டியலில் முதல் இடத்தில் இருப்பதே பாதிதான் உண்மை. அதை நான் விட்டுக்கொடுத்தேன். சொகுசுக்காக முன் ஆக்ஸில் மாறட்டும், சத்தம் குறைய மோட்டார் வரட்டும். ஒன்றே ஒன்றை மட்டும் கேட்டேன். மரக்கிளைக்கு அடியில் வண்டியை நிறுத்தி, நாலு போல்ட்டைக் கழற்றி, தலைக்கு மேல் ஒன்றுமில்லாமல் ஓட்டிப்போகிற அந்த உரிமை. அது இல்லாத வண்டிக்கு இந்தப் பெயரை வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

மின்னோட்டம்:
துணிக்கூரையைத் திறந்தால் தலைக்கு மேல் ஒன்றும் இல்லைதானே? பட்டனை அமுக்கினால் நொடியில் திறக்கும், மழை வந்தால் நொடியில் மூடும். பழைய_சாவி சொன்ன ஒழுகலும் இல்லை, நாலு பேரைக் கூப்பிடவும் வேண்டாம். எனக்கு இது பழையதைவிட நல்ல வழியாகத்தான் தெரிகிறது.

இரும்புக்குதிரை:
ஓரத்துச் சட்டம் அப்படியே நிற்கும். பின் ஜன்னல் அப்படியே நிற்கும். பெரிய சன்ரூஃப் அது. அதைத் திறந்த வண்டி என்று சொல்பவர் திறந்த வண்டியில் ஏறியதே இல்லை.

மின்னோட்டம்:
நான் எதில் ஏறினேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? வண்டியைப் பற்றிப் பேசுங்கள், என்னைப் பற்றி வேண்டாம்.

கிளட்ச்:
இனி இது பத்துப் பக்கம் போகும்.

மேட்டுப்பாதை:
யாராவது ஜெனரேட்டரைப் பற்றிப் பேசுங்கள் ஐயா. அந்தப் பெட்ரோல் எஞ்சினைப் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் வைத்திருக்கிறார்கள். செங்குத்தான ஏற்றத்தில் அத்தனை எடை பின்னால் இருந்தால் முன் சக்கரப் பிடிப்பு என்ன ஆகும்? டெர்ராவில் பின்னால் லோடும் ஏறும்.

பழைய_சாவி:
அதை அந்த டீலரிடமே கேட்டிருக்கலாம். இருந்திருந்தால்.

மேட்டுப்பாதை:
மறுபடியும் டீலரா?

இரும்புக்குதிரை:
எடைக்கு பேட்டரி இருக்கிறது, அது நடுவில் தரைக்குக் கீழே கிடக்கிறது, சமன் ஆகிவிடும். அது பெரிய சிக்கல் இல்லை. நான் கேட்டதற்கு மின்னோட்டம் இன்னும் பதில் சொல்லவில்லை.

மின்னோட்டம்:
நான் மூன்று தடவை சொல்லிவிட்டேன். மேலே ஏறிப் படியுங்கள்.