உப்புக்காத்துக்கு அசராத வேலி: சங்கங்குப்பி வச்ச அனுபவம்

வேலிக்கு என்ன செடி வைக்கலாம்னு நெறைய பேரு கேக்குறீங்க, எனக்கு நடந்தத சொல்றேன். நமக்கு மதுரை பக்கம் ஒத்தக்கடை, தங்கச்சிய கட்டிக் குடுத்தது தேவிபட்டினம் பக்கம், வாசல்ல நின்னா கடல் தெரியும். முள்ளுக்கம்பி வேலி உப்புக்காத்துல துருப்புடிச்சு இத்துப்போச்சு, ஆடு பூந்து கத்திரி, வெண்டைன்னு ஒன்னு விடாம மேஞ்சுட்டுப் போயிரும். நான்தான் மதுரையில இருந்து குரோட்டன்ஸும் செம்பருத்தியும் வாங்கிட்டுப் போயி வரிசையா வச்சேன். மார்கழி வாடை அடிச்சதும் கடலப் பாத்த பக்கம் இலையெல்லாம் ஓரம் கருகி, தொட்டா நொறுங்குது. தெனம் குடத்துல தண்ணி தூக்கி ஊத்துனவ தங்கச்சி, அவ மொகத்தப் பாக்கவே மனசு கேக்கல.

பக்கத்து வீட்டு அப்பத்தாதான் சொன்னாங்க, "ஏப்பா, இங்கன சங்கங்குப்பி தானா மண்டிக் கெடக்கு, அத விட்டுப்புட்டு மதுரையில இருந்தா செடி சொமந்துட்டு வருவ?"

பார்க்குல யானை, மயில் மாதிரி வெட்டி வச்சிருப்பாங்களே, பெரும்பாலும் அந்தச் செடிதான். பிச்சாவரம் மாதிரி உப்புத்தண்ணியில நிக்கிற சுரபுன்னைக் காட்டு ஓரத்துலயே வளரும்னா உப்பு அதுக்கு என்ன பண்ணும். இலை தடிச்சு பளபளன்னு இருக்கும். ஆடு வந்து மோந்து பாத்துட்டு நகந்துருது, ஏன்னு நானும் ஒரு இலைய கிள்ளி நாக்குல வச்சேன், அப்பா, வாய் கொப்பளிச்சும் கசப்பு போகல.

அடுத்த ஐப்பசி மழைக்கு பென்சில் தண்டி போத்தா, அதான் நடுறதுக்கு வெட்டுற குச்சி, ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, ரெண்டு கணு மண்ணுக்குள்ள போற மாதிரி சாச்சு ஊனுனோம், அடிக்கு ஒன்னு. முக்காவாசி துளுத்துருச்சு. அங்கதான் ஒரு தப்பு பண்ணிட்டேன், சீக்கிரம் ஒசரட்டும்னு வெட்டாமயே விட்டுட்டேன், அது கொடி மாதிரி நீண்டு சாஞ்சு, மேல பச்சையா இருக்கு, அடியில நாய் பூந்து போற அளவுக்கு சந்து. அப்புறம் மனச கல்லாக்கிட்டு முழங்காலுக்குக் கீழ வெட்டி விட்டதும்தான் அடியில இருந்து கெளை வெடிச்சு அடைச்சுச்சு. நீங்க மொத வருசமே ஒரு முழம் வந்ததும் நுனிய வெட்டிருங்க, பாவம் பாக்காதீங்க.

இப்ப இடுப்பு ஒசரம் நிக்குது. சாயங்காலம் பூ விரியும், வெள்ளைப் பூ, உள்ள இருந்து ஊதா நூலு மாதிரி நாலு நீட்டிக்கிட்டு இருக்கும், இருட்டுனதும் அந்துப்பூச்சி வந்து அந்தரத்துல நின்னு தேன் குடிக்கிறத நானும் மருமகனும் திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்போம்.

போன தடவ ஈரச்சாக்குல சுத்தி பத்து முப்பது போத்து பஸ்ல கொண்டாந்து நம்ம வீட்டுலயும் ஊனிருக்கேன், எங்க போர் தண்ணியும் உப்புதான், வேற எதுவும் ஒழுங்கா வரல, இது வருது. ஒத்தக்கடை, மேலூர் பக்கம் யாருக்காச்சும் வேணும்னா சொல்லுங்க, ஐப்பசில வெட்டும்போது எடுத்து வைக்கிறேன்.