இங்கிலாந்து ரக்பி: பெஞ்ச் (மாற்று வீரர்கள்) இறங்கியதும் ஆட்டம் ஏன் கைநழுவுகிறது? பார்த்த ஆட்டங்களைப் பகிருங்கள்

மேற்கு ஸ்டாண்ட்

ஒரே ஒரு வேண்டுகோள். "பயிற்சியாளர் ஸ்டீவ் போர்த்விக்கைத் தூக்கு" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்த ஆட்டம், எந்த நிமிடம், ஸ்கோர் என்ன, யார் வெளியே யார் உள்ளே, அடுத்த பத்து நிமிடத்தில் என்ன நடந்தது, அதை எழுதுங்கள்.

முதலில் 2024 நவம்பர் 2, ட்விக்கனம், நியூசிலாந்து. இங்கிலாந்தின் 22 புள்ளிகளில் 17 மார்கஸ் ஸ்மித்தின் காலிலிருந்து வந்தவை: ஐந்து பெனால்டி (தலா 3), ஒரு கன்வர்ஷன் (ட்ரைக்குப் பிந்தைய உதை, 2). மிச்சம் ஐந்து ஃபெயி-வபோசோவின் ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது). 22-14 என்று முன்னிலையில் இருக்கும்போது, 62வது நிமிடம் வாக்கில், ஸ்மித் வெளியே, ஜார்ஜ் ஃபோர்டு உள்ளே. காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தவர் ஃபோர்டு. அதற்குப் பிறகு இங்கிலாந்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. நியூசிலாந்தின் மெக்கென்சி ஒரு பெனால்டி போட்டார், 22-17. 76வது நிமிடத்தில் மார்க் டெலியா மூலையில் ட்ரை வைத்தார், மெக்கென்சி ஓரக்கோட்டுப் பக்கத்திலிருந்து கன்வர்ஷன் போட்டார், 24-22. ஃபோர்டின் பெனால்டி கம்பத்தில் பட்டது, கடைசி டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு எழும்போது உதைப்பது) விலகிப் போனது.

ஃபோர்டு மோசமான ஆட்டக்காரர் இல்லை. அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் உடம்பும் காலும் சூடாகாத ஒருவரிடம் ஆட்டத்தின் சாவியைக் கொடுத்ததுதான் தவறு. ஸ்மித் தளர்ந்த மாதிரியும் தெரியவில்லை. மணி பார்த்து மாற்றினார்கள், ஆட்டத்தைப் பார்த்து அல்ல.

லூஸ்ஹெட்

ஃப்ளை-ஹாஃபை (10ஆம் எண், ஸ்மித்தும் ஃபோர்டும் ஆடும் இடம்) பற்றி எல்லாரும் பேசுவார்கள். முன்வரிசையை, அதாவது ஸ்க்ரமில் (எட்டெட்டு பேர் தோள் முட்டித் தள்ளும் இடம்) முன்னே நிற்கும் இரண்டு ப்ராப்பையும் நடுவிலுள்ள ஹூக்கரையும், யாரும் பார்ப்பதில்லை. 2023 அக்டோபர் 21, பாரிஸ், உலகக்கோப்பை அரையிறுதி. தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக இங்கிலாந்து 15-6 முன்னிலை. பதினைந்தும் ஓவன் ஃபாரலின் காலிலிருந்து: நான்கு பெனால்டி, ஒரு டிராப் கோல். ப்ராப்கள் ஜோ மார்லரும் டான் கோலும் இருந்தவரை ஸ்க்ரம் நின்றது. இரண்டாம் பாதியில் அவர்கள் போய் எல்லிஸ் கெங்கும் கைல் சின்க்லரும் வந்தார்கள். எதிரே ஆக்ஸ் ன்செ, வின்சென்ட் காக். அங்கிருந்து ஸ்க்ரம் சரிந்தது.

ஒரு ஸ்க்ரம் பெனால்டி, பந்து மூலைக்கு உதைக்கப்பட்டது, லைன்-அவுட் (ஓரக்கோட்டிலிருந்து இரு அணி வரிசைகளுக்கு நடுவே பந்தை எறிவது), 69வது நிமிடம் ஆர்.ஜி. ஸ்னைமன் ட்ரை. இன்னொரு ஸ்க்ரம் பெனால்டி, 77வது நிமிடம், ஏறக்குறைய 49 மீட்டரிலிருந்து போலார்டு. 16-15.

ஏன் இப்படி ஆகிறது? டைட்ஹெட் (வலப்பக்க) ப்ராபின் இரண்டு தோளிலும் ஆள் அழுத்துவார்: ஒரு பக்கம் எதிரணி லூஸ்ஹெட் (இடப்பக்க ப்ராப்), மறுபக்கம் எதிரணி ஹூக்கர். அவருக்குப் பின்னால் தள்ளும் லாக்கின் (இரண்டாம் வரிசைக்காரர்) தோள் எந்த இடத்தில் படும், எந்த நொடியில் எடை வரும் என்பது ஜோடியாகப் பழகிய விஷயம். இரண்டு ப்ராப்பையும் அடுத்தடுத்து மாற்றினால் அந்தப் பழக்கம் மொத்தமும் வெளியே போய்விடுகிறது. ஒரு பக்கத்தை மாற்றி, இரண்டு ஸ்க்ரம் பார்த்து, பிறகு மறுபக்கம். ப்ராப் போட்ட எவரும் சொல்வது இதைத்தான்.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று. அதே ஆட்டத்தில் தென்னாப்பிரிக்கா 31வது நிமிடத்திலேயே ஃப்ளை-ஹாஃப் லிபாக்கை எடுத்துவிட்டு போலார்டை இறக்கியது. பாதி நேரம்கூட ஆகவில்லை. மழை, உயரப் பந்து, லிபாக் தடுமாறுகிறார். திட்டத்தைக் கிழித்துப் போட்டார்கள். நம் பயிற்சியாளர் பெட்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் திட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

றக்பிப் பித்தன்

எல்லாப் பழியையும் பெஞ்சில போடுறது ஞாயமில்லை, பாருங்கோ. 2024 ஓகஸ்டில இங்கிலாந்தின்ர தடுப்புப் பயிற்சியாளர் ஃபீலிக்ஸ் ஜோன்ஸ் விலகினவர். தென்னாபிரிக்காவோட உலகக்கிண்ணம் வெண்ட ஆள், பாய்ஞ்சு போய் அடிக்கிற பிளிட்ஸ் தடுப்பை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தவர். உடற்பயிற்சிப் பொறுப்பில இருந்த ஆலெட் வோல்டேர்ஸும் அந்தக் கோடையிலேயே அயர்லாந்துக்குப் போட்டார். தடுப்பு ஜோ எல்-ஆபட் கையில வந்து கொஞ்ச நாளிலயே நவம்பர்.

பிளிட்ஸ் எண்டால் 13ஆம் இலக்கக்காரன் (வெளிப்பக்க சென்டர்) வெளியில இருந்து உள்ளுக்குப் பாய்வான். அவனுக்குப் பக்கத்தில நிக்கிறவன் அரை அடி பிந்தினாலும் நடுவில ஓட்டை. பெஞ்சில இருந்து புதுசா ஆள் வந்தால் அந்த ஓட்டம் ஒத்து வர நேரமெடுக்கும். அவுஸ்திரேலியா ஆட்டத்தை (நவம்பர் 9, 42-37) திருப்பிப் போட்டுப் பாருங்கோ. முடிவில மாரோ இட்டோஜே ட்ரை வைச்சு 37-35. வெண்டாச்சு எண்டு நினைச்ச நேரம், 84ஆவது நிமிசத்தில அவுஸ்திரேலியாவின்ர இகிட்டாவ் கையால தட்டிவிட்ட பந்தை எடுத்துக்கொண்டு ஜோர்கென்சன் ஓடினான். அது மாற்று வீரர் பிழையோ, தடுப்பின்ர பிழையோ? இரண்டும் ஒண்டுதான். பழகாத தடுப்புக்குள்ள பழகாத ஆக்களை ஆறு ஏழு பேரா ஒரே கால்மணித்தியாலத்தில இறக்கினால் வேற என்ன நடக்கும்?

மேற்கு ஸ்டாண்ட்

இது சரியான கோணம். அப்படியானால் தடுப்பு இன்னும் படியாத நாளில் மாற்றங்களைக் குறைத்திருக்க வேண்டும். எட்டு பேர் இருக்கிறார்கள் என்பதற்காக எட்டு பேரையும் இறக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர்களுக்கு "ஃபினிஷர்கள்" (முடித்துவைப்பவர்கள்) என்று பெயர் வைத்தது எடி ஜோன்ஸ். 2022 டிசம்பரில் அவர் போய் போர்த்விக் வந்தார். பெயர் நிலைத்தது, ஆட்டத்தை முடிப்பதுதான் நடக்கவில்லை.

சட்டப்பிரிவு 3

விதி பற்றி யாரோ சொன்னதால் இது. டெஸ்ட் ஆட்டத்தில் 23 பேர். அதில் முன்வரிசைக்குப் பயிற்சி பெற்றவர்கள் ஆறு பேராவது இருக்க வேண்டும். எனவே பெஞ்சின் எட்டில் மூன்று இடம் ஏற்கெனவே போய்விட்டது. பயிற்சியாளர் விளையாடக் கூடியது மிச்சம் ஐந்தில்தான். 5-3, 6-2, 7-1 (பெஞ்சில் ஸ்க்ரம் தள்ளும் முன்னாட்டக்காரர் - மற்ற பின்னாட்டக்காரர்) என்ற பேச்செல்லாம் அந்த ஐந்தைப் பங்கு போடுவது.

தந்திரத்துக்காக வெளியே போனவர் பொதுவாகத் திரும்ப முடியாது. ஆனால் முன்வரிசைக்காரர் காயம், ரத்தம், தலைக்காயப் பரிசோதனை, எதிராளியின் முரட்டு ஆட்டத்தால் வந்த காயம், இவற்றுக்குத் திரும்பி வரலாம். ரத்தத்துக்கு 15 நிமிடம், தலைப் பரிசோதனைக்கு 12 நிமிடம். தாண்டினால் அந்த மாற்றம் நிரந்தரம். "ஏன் அவனைத் திரும்ப இறக்கவில்லை" என்று கத்துவதற்கு முன்னால் இதைப் பாருங்கள்.

முன்வரிசை விதி எப்படிக் கழுத்தை நெரிக்கும் என்பதற்கு 2022 பிப்ரவரி 27, டப்ளின். இத்தாலியின் ஹூக்கர் லுக்கேசி காயத்தில் வெளியே. மாற்று ஹூக்கர் ஃபைவாவுக்கு 19வது நிமிடத்தில் சிவப்பு அட்டை. மூன்றாவது ஹூக்கர் இல்லை, ஸ்க்ரம் தள்ளாத ஸ்க்ரமாகிவிட்டது, அதற்காக இன்னொருவரும் வெளியேற வேண்டும். 13 பேர். அயர்லாந்து 57-6. அங்கே பயிற்சியாளரைத் திட்டி ஒரு பயனும் இல்லை.

தலைகீழான கதை 2017 மார்ச் 18, பாரிஸ், பிரான்ஸ்-வேல்ஸ். 80 நிமிடம் தாண்டி இன்னும் 20 நிமிடம் கோட்டருகே ஸ்க்ரம் மேல் ஸ்க்ரம். நடுவில் பிரான்ஸின் ப்ராப் அட்டோனியோ தலைப் பரிசோதனைக்கு என்று போய், முன்பே எடுக்கப்பட்ட ஸ்லிமானி திரும்ப வந்தார். வேல்ஸ் கொதித்தது. 100வது நிமிடத்தில் ஷூலி ட்ரை, லோபெஸ் கன்வர்ஷன், 20-18.

லூஸ்ஹெட்

ஹூக்கரை எப்போது மாற்றுவது என்பதையும் கவனியுங்கள். நம் லைன்-அவுட் எறிவதற்கு முன்னால் மாற்றவே கூடாது. பெஞ்சிலிருந்து வந்தவரின் முதல் வேலை, 5 மீட்டர் கோட்டிலிருந்து 15 மீட்டர் கோட்டுக்குள் குதிக்கும் ஒருவரின் விரல் நுனிக்குப் பந்தை எறிவது என்றால், கை குளிர்ந்திருக்கும், கூட்டத்தின் சத்தத்தில் குறிச்சொல் காதில் விழாது. எதிரணிக்கும் தெரியும், புதியவர் பெரும்பாலும் முன்னால் நிற்பவருக்குத்தான் பாதுகாப்பாக எறிவார் என்று. அங்கே பந்தைப் பிடிக்கத் தங்கள் ஆளைத் தூக்கிவிடுவார்கள். கோல் உதை நடக்கும்போதோ எதிரணி பந்து போடும் ஸ்க்ரமிலோ மாற்றினால் மூச்சு விட இரண்டு நிமிடம் கிடைக்கும். லைன்-அவுட்டுக்குக் குரல் கொடுக்கும் லாக்கை அதே நேரத்தில் எடுப்பது அதைவிட மோசம்.

குறிப்பேடு

வாதம் செய்வதற்கு முன் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் சண்டை பாதி குறையும். நிமிடம், ஸ்கோர், போனவர்-வந்தவர், காரணம் (காயமா, தலையா, தந்திரமா), எந்த நிறுத்தத்தில் மாற்றினார்கள். பிறகு அடுத்த பத்து நிமிடத்துக்கு நான்கு எண் போதும்: நம் ஸ்க்ரமில் வென்றது-இழந்தது, நம் லைன்-அவுட், தவறிய டேக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது), நாம் கொடுத்த பெனால்டி. மாற்றத்துக்கு முந்தைய பத்து நிமிடத்துக்கும் இதே நான்கு. இதைச் செய்யாமல் ஸ்கோரை மட்டும் பார்த்தால், ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்த ஆட்டத்தின் பழி புதிதாக வந்தவன் தலையில் விழும். 9-ஐயும் 10-ஐயும் (ஆட்டத்தை நடத்தும் இருவர்) ஒரே நிறுத்தத்தில் மாற்றினால் தாளில் சிவப்பு வட்டம் போடுங்கள். அந்த வட்டங்கள்தான் அதிகம் பேசும்.

றக்பிப் பித்தன்

போத்விக் படிக்கேல்லை எண்டு சொல்லேலாது. 2025 நவம்பர் 15, அதே ட்விக்கனம், அதே நியூசிலாந்து, 33-19. 0-12 எண்டு பின்னுக்கு நிண்டு, ஃபோர்டு பாதி நேரத்துக்கு முந்தி இரண்டு டிறொப் கோல் போட்டு 11-12. முன்வரிசையில கெங், கவன்-டிக்கி, ஸ்டூவட் மூண்டு பேரையும் பெஞ்சில வைச்சிருந்தவர். மாற்றி இறக்கேக்க தரம் குறையேல்லை. முந்தின வருசம் பிழைச்ச அதே ஃபோர்டுதான், ஆனா இந்த முறை முதல் நிமிசத்தில இருந்தே நிண்டவர்.

லூஸ்ஹெட்

மூன்று பேரையும் சேர்த்து இறக்குவது, நான் மேலே சொன்னதற்கு நேர் எதிர் என்று கேட்பீர்கள். அந்த மூவரும் தங்களுக்குள் பழகிய ஒரு கூட்டு. அரையிறுதியில் அது இல்லை.

மேற்கு ஸ்டாண்ட்

7-1 வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: 2025 மார்ச் 8, டப்ளின். பிரான்ஸ் 7-1 வைத்தது. முதல் பாதியிலேயே டுபோன் முழங்கால் போய் வெளியே, பெஞ்சின் ஒரே பின்னாட்டக்காரர் லூக்கு உள்ளே. அடுத்து சென்டர் பராசி தலைப் பரிசோதனைக்கு. ஆள் இல்லை. ஃப்ளாங்கர் (ஸ்க்ரமின் ஓரத்தில் நிற்கும் முன்னாட்டக்காரர்) ஓஸ்கார் ஜெகூவை சென்டரில் நிறுத்தினார்கள். அப்படியும் 42-27. முன்னால் ஏழு புதிய ஆட்கள் இடித்துக்கொண்டே இருந்ததால் அயர்லாந்துக்கு அந்த இடத்தைத் தேடிப் போக நேரமே கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் சென்டரில் நிற்கக்கூடிய ஃப்ளாங்கர் யார் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு 7-1 பேசலாம்.