ஆர்வோ பார்ட்டின் இசையை நீங்கள் முதலில் எங்கே கேட்டீர்கள்?

கொட்டகலைக்காரன்:

நம்ம மலைநாட்டுப் பக்கம் மேற்கத்தியச் செவ்வியல் என்றால் பரீட்சைக்கு வாசிக்கிற பாக், மொசார்ட், அப்புறம் சர்ச்சில் பாடுகிற பாட்டு, அவ்வளவுதான். நம் காலத்திலும் ஒருத்தர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. எஸ்தோனியாவில் 1935இல் பிறந்த இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் எனக்கு அறிமுகமானது ஹட்டனில் கீபோர்ட் படித்த காலத்தில். மிஸ் இரண்டே பக்கம் உள்ள ஒரு பியானோ இசைக் குறிப்பை ஸ்டாண்டில் வைத்து, வாசி என்றார். 'ஃபூர் அலினா', 1976இல் எழுதியது. தாளக் குறியே கிடையாது. ஆரம்பத்தில் அடியில் ஒரு கனத்த சுரம், பிறகு இரண்டு கையும் மேலே சேர்ந்தே நடக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் ஒரு சுரம் கூடிக்கொண்டே போய், எட்டு வந்ததும் அதேபோலக் குறைய ஆரம்பிக்கிறது.

"சின்னப் பிள்ளைகளுக்கு எழுதினதா மிஸ்?" என்று கேட்டேன். "வாசிச்சிட்டுச் சொல்லு" என்றார்.

வேகமான பாட்டில் ஒரு விரல் பிசகினால் அடுத்த சுரம் வந்து மூடிவிடும், இதில் ஒளிய இடமே இல்லை. வலது கை மெட்டோடு போகிறது, இடது கைக்கு பி, டி, எஃப் ஷார்ப் என்ற மூன்று சுரத்தையும் விட்டு வெளியே போக அனுமதி இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் சி ஷார்ப்புக்குத் தாண்டுகிறது, அந்த இடத்தில் மனுசன் இசைக் குறிப்பிலேயே ஒரு பூ வரைந்து வைத்திருக்கிறார்! ஒரு குரல் மெட்டு, இன்னொரு குரல் அந்த மூன்று சுரம், இந்த இரண்டு குரல் கணக்குத்தான் அவருடைய டின்டினாபுலி முறை. யூடியூபில் இதையெல்லாம் 'தூங்க வைக்கும் இசை' என்று போடுகிறார்களே, அதுதான் எனக்குப் பிடிக்காத விஷயம். இவ்வளவு கறாரான கணக்கில் எழுதினதைக் கேட்டுத் தூக்கம் வந்தால் வரட்டும், ஆனால் அதற்காக எழுதப்பட்டது இல்லை.

இத்தனைக்கும் அவர் ஆரம்பத்தில் இதற்கு நேர்மாறாக எழுதியவர். 1960இல் 'நெக்ரோலாக்' என்று பன்னிரண்டு சுரத்துக்கும் சம இடம் கொடுக்கிற பன்னிரண்டு சுர முறையில் எழுதி, அப்போது எஸ்தோனியாவை ஆண்ட சோவியத் அதிகாரிகளிடம் திட்டு வாங்கினார். 1968இல் 'கிரேடோ'வில் கிறிஸ்துவை விசுவசிக்கிறேன் என்று வெளிப்படையாகவே பாட வைத்தார், அது பெரிய பிரச்சினையானது. அதற்குப் பிறகு எட்டு வருசம் கிட்டத்தட்ட மௌனம். பழைய சர்ச் பாட்டுகளான கிரெகோரியன் கீர்த்தனைகளை உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் திரும்ப வந்தார்.

ஊவா மழை:

அண்ணே, எனக்கு 'கான்டுஸ்'. ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1976 டிசம்பரில் இறந்த பிறகு அவர் நினைவாக எழுதியது. பண்டாரவளையிலிருந்து வருகிற பஸ்ஸில் நண்பன் ஒரு பக்க இயர்போனைக் காதில் செருகிவிட்டான்.

எங்கள் தாத்தா தேயிலைத் தோட்டத்தில் தப்பு மேளம் அடித்தவர். சாவு வீட்டுக்கு ஒரு அடி, காமன் கூத்துக்கு வேறு அடி, காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டுக்கு வேறு அடி என்று பிரித்துச் சொல்வார். அந்தக் காதோடு கேட்டவனுக்கு 'கான்டுஸ்' முதல் மணி ஓசையிலேயே விளங்கிவிட்டது, இது இழவு வீட்டு இசை. எல்லாத் தந்தி வாத்தியமும் ஏ மைனர் என்ற ஒரே சுர வரிசையைத்தான் மேலிருந்து கீழே இறங்குகின்றன, ஆனால் ஆளுக்கு ஒரு வேகம். முதல் வயலினில் பாதி வேகம் இரண்டாவது வயலின், அதில் பாதி வயோலா, இப்படியே போய் கடைசியில் பேஸ் பதினாறு மடங்கு மெதுவாக இறங்குகிறது. முதலில் வந்து சேர்ந்தவர் தன் சுரத்தில் நின்று மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறார். எல்லோரும் சேர்ந்து நிறுத்தும்போது, யாருக்கும் தெரியாமல் அடித்த மணியின் ரீங்காரம் மட்டும் கேட்கும். பஸ் சத்தத்தில் அது எனக்குக் கேட்கவில்லை, வீட்டில் திரும்பப் போட்டுத்தான் கேட்டேன்.

நானுஓயா அக்கா:

தம்பிமார் இரண்டு பேரும் கணக்கிலேயே நிற்கிறீர்கள், ஆளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுவோம். சின்ன வயதில் அவர் வீட்டுப் பியானோவில் நடுக் கட்டைகள் கெட்டுப்போயிருந்ததாம், அதனால் மேலேயும் கீழேயும்தான் வாசித்துப் பழகினாராம். ரக்வெரே என்ற ஊர்ச் சந்தியில் ஒலிபெருக்கியில் வானொலிக் கச்சேரி போடுவார்கள், இவர் சைக்கிளில் அதையே சுற்றிச் சுற்றி வந்து கேட்பாராம். பிறகு எஸ்தோனிய வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்தார். 1980இல் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய், வியன்னாவில் கொஞ்ச நாள், பிறகு பெர்லினில் நெடுங்காலம். 2010இல் திரும்பி வந்துவிட்டார். எனக்கு இந்தத் திரும்பி வந்த கதைதான் பிடித்தது, நம்ம ஆட்களிடம் ஊரைவிட்டுப் போன கதை எத்தனை இருக்கிறது!

இசை எப்படி எழுத வேண்டும் என்று தெருக் கூட்டுகிற ஒருவரிடம் கேட்டாராம். ஒவ்வொரு ஒலியையும் நேசிக்க வேண்டும் போல என்று அந்த ஆள் சொன்னதை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். எந்தப் பேராசிரியரும் தனக்கு அப்படிச் சொன்னதில்லை என்கிறார்.

என் மகள் வயலினில் 'ஸ்பீகல் இம் ஸ்பீகல்' எடுத்திருக்கிறாள், 1978இல் வயலினுக்கும் பியானோவுக்கும் எழுதியது. நீண்ட சுரங்கள்தான், ஆனால் வில் நடுங்கினால் அடுத்த வீட்டுக்கே தெரிகிறது.

கொட்டகலைக்காரன்:

அக்கா, மகளோடு பியானோவில் சேர்ந்து வாசிக்க எனக்கு ஆசை. ஆனால் கீபோர்டில் அந்தச் சுரம் தேய்ந்து மறைவது சரியாக வராது. பழைய துரை பங்களாவில் இருக்கிற பியானோ பனிமூட்டத்தில் ஊறிச் சுருதி போய்க் கிடக்கிறது. ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் ட்யூன் பண்ணுகிற ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.