விடியற்காலையில் எகிறும் தூசி சென்சார்: வழி சொல்லுங்கள்

வணக்கம். மின்சாரம் எட்டாத மலைமுகட்டில் சோலாரில் ஓடும் ஒளிச்சிதறல் வகை பிஎம் 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய தூசி) சென்சார் வைத்திருக்கிறோம். பக்கத்தில், எவ்வளவு தூரம் தெளிவாகத் தெரிகிறது என்று பார்க்க, எதிர்மலையைப் பார்த்தபடி ஒரு கேமரா. பகலில் இரண்டும் ஒத்துப்போகின்றன. விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டினால் சென்சார் எகிறுகிறது. சல்பேட், நைட்ரேட் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பிவிடுகின்றன, சரி. பார்வைத்தூரமும் அப்போது நிஜமாகவே குறைவதால் அந்த அளவீட்டைத் தூக்கியெறிய மனமில்லை. தூசியின் எடையைச் சொல்லும் மைக்ரோகிராம் கணக்கைத்தான் நம்ப முடியவில்லை. ஈரத்தைப் போக்கக் காற்று நுழையும் குழாயைச் சூடாக்கினால் பேட்டரி தாங்காது, அப்புறம் நைட்ரேட்டும் ஆவியாகிவிடும்.

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் இம்ப்ரூவ் (IMPROVE) என்ற காற்று, பார்வைத்தூரக் கண்காணிப்பு வலையமைப்பு மூன்று நாளுக்கு ஒருமுறை 24 மணி நேரம் வடிதாளில் துகள் சேகரிக்கிறது. அதுபோலச் சின்ன பம்ப் வைத்து ஒப்பிட்டுத் திருத்தியவர்கள் இருக்கிறீர்களா? பம்ப் எவ்வளவு மின்சாரம் இழுத்தது? வடிதாளைக் கெடாமல் எப்படி ஆய்வகத்துக்கு அனுப்பினீர்கள்?