அடிக்கடி உழுதால் மண்ணிலுள்ள பாக்டீரியா அழிந்துவிடுமா?

கேள்வி: நிபோங் திபால் தோட்டக்காரர்

வணக்கம். நிபோங் திபாலில் கால் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, நான்கு ஆண்டுகளாகக் கத்தரி, வெண்டை, பயற்றங்காய் ஆகியவற்றைப் பயிரிட்டு வருகிறேன். ஒவ்வொரு முறையும் நடவுக்கு முன் ரோட்டவேட்டரை இரண்டு தடவை ஓட்டி மண்ணைப் புழுதியாக்கிவிடுவேன். முதல் ஆண்டில் செடிகள் கிளம்பிய வேகத்தைப் பார்த்து அக்கம்பக்கத்தார் வியந்தனர். இப்போதும் அதே உழவு, அதே கோழி எரு; ஆனால் ஒரு நல்ல மழை பெய்தாலே மேல்மண் அடைபோல் இறுகிவிடுவதால் விதை முளைத்து மேலே வர முடிவதில்லை. போதாக்குறைக்கு, பள்ளத்துப் பாத்தியில் உள்ள கத்தரிச் செடிகள் இலை மஞ்சளாகாமலேயே இரண்டு மூன்று நாளில் வாடிச் சாய்கின்றன. உழவு பாக்டீரியாவைக் கொன்று மண்ணைச் சாகடித்துவிட்டது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இது உண்மையா? உழாமலேயே பயிர் செய்ய முடியுமா?

மறுமொழி: மண் ஆய்வுக்கூடப் பணியாளர் (ஓய்வு), பாயான் லெப்பாஸ்

தம்பி, கொன்றுவிட்டது என்பது சரியான சொல் அன்று. ஒரு கிராம் வளமான மண்ணில் நூறு கோடி வரைகூடப் பாக்டீரியா இருக்கும். கலப்பைக் கத்தியில் வெட்டுப்படும் அளவுக்கு அவை பெரியவை அல்ல. கத்தி உடைப்பது அவை குடியிருக்கும் மண் உருண்டைகளைத்தான். உழாத வரப்பு மண்ணை எடுத்து மெல்ல உதிர்த்துப் பாருங்கள், மிளகளவிலும் கடலையளவிலும் உருண்டைகளாகப் பிரியும். அவற்றினுள்ளே மட்கின் (மக்கிய இலைதழையின்) ஒரு பகுதி, காற்றும் நுண்ணுயிரும் எளிதில் எட்டாதபடி பொதிந்திருக்கிறது. உழும்போது அந்த மட்கு வெளிப்பட்டுக் காற்றோடு கலப்பதால், விரைந்து பெருகும் வகைப் பாக்டீரியாக்கள் அதைத் தின்று பல்குகின்றன. கரிமம் கரியமில வாயுவாக வெளியேற, தழைச்சத்து (நைட்ரஜன்) செடிக்குக் கிடைக்கும் வடிவத்துக்கு மாறுகிறது. முதல் ஆண்டில் நீங்கள் கண்ட செழிப்பு அப்படி வந்ததே, பல ஆண்டுச் சேமிப்பை ஒரே பருவத்தில் செலவழித்ததைப் போல. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரமும் நிறைந்த நம் பினாங்கில் இந்தச் செலவு குளிர்நாடுகளைவிட வேகமாக நடக்கும்.

உழவால் பாக்டீரியாவைவிட அதிகம் அடிபடுவது பூஞ்சை. மண் துகள்களைக் கோத்து வைத்திருப்பவை பூஞ்சை இழைகளும் பாக்டீரியா சுரக்கும் பசையும்தான். இழை அறுந்து, பசை சுரக்க உணவும் தீர்ந்துபோனால், மழைத்துளி விழுந்தவுடன் துகள்கள் சிதறி நுண்துளைகளை அடைத்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் அடை அதுவே.

மறுமொழி: கீரைப் பாத்தி, பாலிக் புலாவ்

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். ரப்பர் மறுநடவில் வரிசைகளுக்கிடையே பியூராரியா, கலப்போகோனியம் போன்ற கொடிகளைப் படரவிடுவதைச் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது என் காய்கறி நிலத்திலும் நடும் குழியை மட்டும் கொத்திவிட்டு, மற்ற இடத்தை வெட்டிய புல்லால் மூடிவிடுகிறேன். பிரேசிலின் பரானா மாநிலத்தில் 1972-இல் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்ற விவசாயி உழாமல் விதைக்கத் தொடங்கியதும் கனமழை மண்ணை அரித்துச் செல்வதைப் பொறுக்க முடியாமல்தான். ஆகவே உழாமல் பயிர் செய்ய முடியும், அண்ணா. ஆனால் முதல் ஓராண்டு களையோடு போராட வேண்டியிருக்கும். அதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

மறுமொழி: வயல்வரப்பு, செபராங் பிறை

மேலே சொன்னவர் மலையடிவாரத்து மண்ணில் பயிரிடுகிறார். நிபோங் திபாலில் பல இடங்களில் இருப்பதோ கடலோரக் களிமண். இங்கு உழவை ஒரேயடியாக நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். மண்துளைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு மேல் நீர் நிறைந்துவிட்டால் காற்று குறைந்து, சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை, அதாவது செடி உறிஞ்சும் வடிவிலுள்ள தழைச்சத்தை, வாயுவாக மாற்றத் தொடங்கும். நீங்கள் இட்ட எருவின் தழைச்சத்தில் ஒரு பகுதி அப்படியே காற்றில் போய்விடும். உழாத களிமண்ணில், மழைக்காலத்தில் இந்த இழப்பு கூடுதலாகவே இருக்கக்கூடும். ஆகவே முதலில் வடிகால் வெட்டி, பாத்தியை ஒரு முறை உயர்த்தி அமையுங்கள். அதன்பின் அந்தப் பாத்தியைக் கலைக்காதீர்கள்.

இன்னொன்று, பச்சையாகவே வாடும் செடி எனக்குக் கவலை தருகிறது. அடித்தண்டை ஒரு விரல் நீளம் வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுனை நீரில் படுமாறு தொங்கவிட்டுச் சில நிமிடங்கள் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

இன்று காலை செய்து பார்த்தேன். ஐந்து நிமிடத்துக்குள் வெட்டுமுனையிலிருந்து பால் போன்ற வெண்ணிழை நீரில் இறங்கியது. வரப்பு மண்ணையும் உதிர்த்தேன். அது உருண்டையாகப் பிரிகிறது, பாத்தி மண் மாவாகிறது.

வயல்வரப்பு, செபராங் பிறை

அந்த வெண்ணிழை தண்டிலிருந்து வழியும் பாக்டீரியாக் கூட்டம். அப்படியானால் அது ரால்ஸ்டோனியா பாக்டீரியாவால் வரும் வாடல் நோய். அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் தங்கும். ரோட்டவேட்டர் அந்தப் பள்ளத்து மண்ணை நிலம் முழுவதும் இழுத்துச் சென்றிருக்கலாம். வாடிய செடிகளை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்தப் பாத்தியில் கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் சில பருவங்களுக்குத் தவிர்த்துச் சோளமோ பயற்றங்காயோ போடுங்கள். பிறகு கத்தரி வேண்டுமென்றால் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டிய கன்றை நடுங்கள். அங்கே பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குக் கொண்டு செல்லாதீர்கள்.