மெட்டலுக்கு பிளானர் மட்டும்தான் என்று தீர்ப்பு எழுதுபவர்களின் கவனத்துக்கு

கரும்பறை:
ஹெவி மெட்டல் கேட்க இரண்டு லட்சம் ரூபாய் வரை செலவு செய்யத் தயாராக இருப்பதாகவும், எந்த ஹெட்போன் வாங்கலாம் என்றும் ஒருவர் நேற்று இந்த மன்றத்தில் பணிவாகக் கேட்டிருந்தார். அதற்கு நம் தகடன் அவர்கள் வழங்கிய தீர்ப்பு இது: "பிளானரைத் தவிர எதையும் தொடாதீர்கள். டைனமிக் டிரைவர்களால் மெட்டலின் வேகத்தைத் தாங்க முடியாது. டபுள் பேஸ் டிரம் தொடங்கியதும் ஓர் அடி அடுத்த அடியோடு கலந்து கூழாகிவிடும்." டிரைவர் என்பது ஹெட்போனுக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி, டைனமிக்கும் பிளானரும் அதன் இரண்டு வகைகள். கேட்டவர் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 200 தாளம் என்ற வேகத்தில், தாளத்துக்கு நான்கு அடி வீதம் டிரம்மர் இரண்டு கால்களாலும் மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 800 அடி, அதாவது ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 75 மில்லிவிநாடி. சிம்பலின் ஓசை கேட்க வேண்டுமென்றால் டிரைவர் 10,000 ஹெர்ட்ஸில் அதிர வேண்டும். அந்த அதிர்வில் ஓர் அலைக்கு ஆகும் நேரம் 0.1 மில்லிவிநாடி. இரண்டு கால் அடிகளுக்கு நடுவில் அந்தச் சவ்வு 750 முறை முன்னும் பின்னும் போய்வந்துவிடும், ஆயிரம் ரூபாய் ஹெட்போனிலும்கூட. அப்படியிருக்க, எந்த அடியை எட்டிப்பிடிக்க முடியாமல் டைனமிக் டிரைவர் மூச்சு வாங்குகிறது என்பதைத் தகடன் விளக்க வேண்டும். "என் காது சொல்கிறது" என்ற சாட்சியம் மட்டும் வேண்டாம்.

தகடன்:
கரும்பறையின் பெருக்கலில் பிழை இல்லை, பாராட்டுகிறேன். ஆனால் நான் பேசியது அடி தொடங்குவதைப் பற்றி அல்ல, அடங்குவதைப் பற்றி. டைனமிக் டிரைவரில் கம்பிச்சுருள் சவ்வின் ஒரு வட்டத்தில் மட்டுமே ஒட்டியிருக்கிறது, விசை அங்கிருந்துதான் மற்ற பகுதிகளுக்குப் பரவ வேண்டும். பிளானரில் மெல்லிய படலம் முழுவதிலும் மின்தடம் ஓடுவதால், காந்தங்கள் அதை ஒரே சீராக இழுத்துத் தள்ளுகின்றன. நில் என்றால் அது நிற்கும். பிளானரான ஆடிஸி எல்சிடி-2ஐயும் டைனமிக்கான சென்ஹைசர் எச்டி 650ஐயும் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு மெட்டல் குழுவான ஸ்லேயரின் 1986ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்ட எவருக்கும் இது புரியும். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. கரும்பறையிடம் எது இருக்கிறது என்று அவர் இதுவரை சொன்னதில்லை.

கரும்பறை:
என்னிடம் என்ன இருக்கிறது என்பது இயற்பியலின் கவலை அல்ல. கேள்வி 75 மில்லிவிநாடி. அதைத் தொடாமல் அலமாரியைத் திறந்து காட்டுகிறீர்கள்.

நீங்கள் கேட்கும் வேறுபாடு உண்மைதான், ஆனால் அதற்குக் காரணம் வேறு. எச்டி 650இல் 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலியளவில் ஒரு மேடு இருக்கிறது, 50க்குக் கீழே சரிவு. எல்சிடி-2இன் பேஸ், அதாவது அடிமட்டக் கனத்த ஒலி, 20 ஹெர்ட்ஸ் வரை ஏறத்தாழ நேர்க்கோடாகப் போகிறது. மேடு இல்லாத பேஸ் இறுக்கமாகக் கேட்கும், மேடு உள்ள பேஸ் தளர்வாகக் கேட்கும். அளவில் உள்ள இந்த வேறுபாட்டுக்குத்தான் நீங்கள் வேகம் என்று பட்டம் சூட்டியிருக்கிறீர்கள். அடங்குவதைப் பற்றிச் சொன்னீர்களே, ஹெட்போன் டிரைவர்கள் பெரும்பாலும் மினிமம் ஃபேஸ் கருவிகள், அதாவது எந்த அலைவரிசையில் மேடு இருக்கிறதோ அங்கேதான் ஒலி நீண்டு ஒலிக்கும், அலைவரிசைவாரியாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரால் அந்த மேட்டைச் சமன்செய்தால் நீட்சியும் கூடவே போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெட்டலில் காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மை அடி அடியாகப் பிரித்துக் காட்டுவது அடியில் இருக்கும் கனமான ஒலி அல்ல, மிதிகட்டையின் தலை தோலில் படும்போது எழும் அந்த 'டிக்'. அது 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. நீங்கள் கொண்டாடும் எல்சிடி-2 சரியாக அந்த இடத்தில்தான் பள்ளமாக இருக்கிறது. வேகத்துக்கென்று வாங்கிய ஹெட்போன் வேகத்தைக் காட்டும் ஒலியையே விழுங்குகிறது என்பது நகைச்சுவையாக உங்களுக்குத் தோன்றவில்லையா?

பழைய கேசட்:
இருவரும் டிரம்மரின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். மெட்டல் என்றால் கிதார், ஐயா. ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு, முகத்தில் அறைய வேண்டும். அதற்கு நியூயார்க்கின் புரூக்லினில் 1953இல் தொடங்கிய கிராடோ நிறுவனத்தின் ஹெட்போனை விட்டால் வேறு இல்லை. 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி அது தூக்கிக் கொடுப்பதால்தான் டிஸ்டார்ஷனின் சொரசொரப்பு நேராகக் காதில் வந்து உரசுகிறது. உங்கள் எல்சிடியும் எச்டியும் ரிஃப்பைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிறுத்திவைக்கின்றன.

தகடன்:
கிராடோவில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேசட் ஐயா ஒருமுறை தேடிப் பார்க்கலாம். பேஸ் கிதார் கலைஞர் வீட்டுக்குப் போய்விட்டாரோ என்று சந்தேகம் வரும். அந்தப் பஞ்சுத் திண்டு காதை உரசுகிற உரசலையும் ரிஃப்பின் சொரசொரப்பில் சேர்த்துவிட்டார் போலும்.

கரும்பறைக்கு: ஈக்குவலைசரால் எல்லாம் சரியாகிவிடும் என்றால், நாம் எல்லோரும் தெருவோரக் கடையில் ஒன்றை வாங்கி, செயலியில் கோடு வரைந்துகொண்டு போய்விடலாமே? அடி அடங்க வேண்டும், அதுதான் என் வாதம். உங்கள் 75 மில்லிவிநாடிக்குள் அது அடங்குகிறதா இல்லையா என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

ஆறாம் தந்தி:
கிதார் வாசிப்பவன் என்ற முறையில் சில செய்திகள். வழக்கமான சுருதியில் கிதாரின் கனத்த தந்தி 82 ஹெர்ட்ஸில் இருக்கிறது. பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் ஆலையில் விரல் நுனிகளை இழந்த டோனி அயோமி, 1971இல் பிளாக் சபாத்தின் மூன்றாவது இசைத்தட்டுக்காகத் தந்திகளைத் தளர்த்தி ஒன்றரைச் சுரம் கீழே இறக்கினார். அப்போது அது 69 ஹெர்ட்ஸ் ஆனது. ஸ்வீடனின் மெஷுகா வாசிக்கும் எட்டுத் தந்திக் கிதாரில் கடைசித் தந்தி 44 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது, பேஸ் கிதாரின் கனத்த தந்திக்கு மிக அருகில். ஆகவே சபாத் கேட்பவருக்கு ஏற்ற ஹெட்போன் மெஷுகா கேட்பவருக்குப் போதாமல் போகலாம். இரண்டு லட்சம் வைத்திருந்தவர் எந்த மெட்டல் கேட்பார் என்று இருவருமே விசாரிக்கவில்லை.

கூடவே ஒரு கேள்வி. வேகம் என்று நீங்கள் இருவரும் சொல்லும்போது எதை அளக்கிறீர்கள்? எழும் நேரத்தையா, அடங்கும் நேரத்தையா, எத்தனை டெசிபல் குறைந்தால் அடங்கியதாகக் கொள்வது?

கரும்பறை:
தகடன் கேள்வியைத் திருப்பி என்மேலேயே எறிந்திருக்கிறார். 75 மில்லிவிநாடிக்குள் டிரைவர் அடங்குமா என்றால், நல்ல டைனமிக் டிரைவர்கள் அதில் சிறு பகுதிக்குள்ளேயே காதுக்கு எட்டாத அளவுக்கு அடங்கிவிடும். உண்மையில் அடங்காதது கிக் டிரம். தோலும் மரப்பீப்பாயும் அதிர்கின்றன, 50 ஹெர்ட்ஸில் ஓர் அலைக்கே 20 மில்லிவிநாடி ஆகிறது. அந்த அதிர்வு பதிவில் இருந்தால் ஹெட்போன் அதைக் காட்டித்தான் ஆக வேண்டும். பதிவில் உள்ள அதிர்வை ஒரு ஹெட்போன் மறைத்தால் அது குறைபாடு, அதை வேகம் என்று விற்பது விளம்பரக்காரர்களின் திறமை. தகடன் அந்த விளம்பரத்தை மனப்பாடம் செய்திருக்கிறார், அவ்வளவே.

அவர் சாட்சிக்கு அழைத்த ஸ்லேயர் இசைத்தட்டும் தவறான சாட்சி. ரிக் ரூபின் அதை எதிரொலி அதிகம் சேர்க்காமல் வறட்டு ஒலியாகத் தயாரித்தார், அடிமட்ட பேஸும் அதில் குறைவு. அது எந்த ஹெட்போனிலும் பிரிந்துதான் கேட்கும். பிளானரின் பேஸ் நீட்சியைக் காட்ட, பேஸே இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்ததில் தகடனின் செவித்திறன் விளங்குகிறது.

கிராடோ பற்றிப் பழைய கேசட் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதியைத் தகடன் சொல்லிவிட்டார், அதை மட்டும் அவர் சரியாகச் சொன்னார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

மலையருவி:
நான் சொல்வது யாருக்கும் பிடிக்காது. நீங்கள் கேட்கும் மெட்டலில் பாதி, ஹெட்போனுக்கு வந்து சேர்வதற்கு முன்பே நசுங்கிப்போனது, உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் வேறுபாடு இல்லாமல். இங்கே புகழப்பட்ட அதே ரிக் ரூபின் தயாரிப்பில் 2008இல் மெட்டாலிக்காவின் டெத் மேக்னடிக் வெளிவந்தது. அதே பாடல்கள் கிதார் ஹீரோ விளையாட்டில் அவ்வளவு நசுக்கப்படாமல் இருந்ததை ரசிகர்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள். வெளியீட்டுக்கு முன் கடைசி ஒலிச்சீரமைப்பான மாஸ்டரிங்கைச் செய்த டெட் ஜென்சனே, தன்னிடம் வரும்போதே ஒலி அப்படித்தான் இருந்தது என்று எழுதினார். அலையின் உச்சிகளை வெட்டி எறிந்த ஒரு பதிவை எதில் கேட்டால் என்ன? பெரிலியம் சவ்வு கொண்ட ஃபோக்கல் யுடோப்பியா 2016இல் 4,000 டாலருக்கு வந்தது. வெட்டுப்பட்ட உச்சியை அது இன்னும் கூர்மையாகக் காதில் குத்தும், அவ்வளவுதான் பயன்.

நார்வேயின் பிளாக் மெட்டலையும் நினைத்துப் பாருங்கள். 1996இல் வெளிவந்த புர்ஸும் இசைத்தட்டொன்றில் குரலைப் பதிய வேண்டுமென்றே மட்டமான ஹெட்செட் மைக்கைப் பயன்படுத்தினார்கள். அதைக் கேட்க இரண்டு லட்சமா?

பழைய கேசட்:
மலையருவி எந்த இழையிலும் இதையே எழுதுகிறார். பதிவு மோசம், ஆகவே ஒன்றும் வாங்காதே என்பார். 70களின் பதிவுகளுக்கு என்ன குறை? நசுக்கும் காலத்துக்கு முன்பே மெட்டல் பிறந்துவிட்டது.

தகடன்:
கரும்பறை இப்போது டிரம்மையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் நாலாவது காலைக் காட்டிப் பயனில்லை. இருந்தாலும் சொல்கிறேன்: அடி அடங்குகிறது, நான் கேட்கிறேன், என் வீட்டுக்கு வந்தவர்களும் கேட்டார்கள்.

இவர் ஏன் என்மேல் இத்தனை கோபமாக இருக்கிறார் என்பது பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். என் பழைய எச்டி 800ஐ விற்க வைத்தபோது பத்து நாளுக்கும் மேலாக விலை பேசிவிட்டு, கடைசியில் பதில்கூடப் போடாமல் மறைந்தவர் இவர். 6,000 ஹெர்ட்ஸில் அதற்கு ஒரு முள் இருக்கிறது, சிம்பல் காதைக் கிழிக்கும் என்று காரணம் வேறு சொன்னார்.

கரும்பறை:
அந்த முள் இருந்ததால்தான் சென்ஹைசர் நிறுவனமே எச்டி 800 எஸ் மாடலில் அதை உறிஞ்சிக்கொள்ளும் அமைப்பைச் சேர்த்தது. 2009இல் வந்த முதல் மாடலைப் புதியதன் விலைக்கு விற்க முயன்றவர் நீங்கள். பதில் போடாததே என் பதில் என்று புரிந்துகொண்டிருக்கலாம். மெட்டலில் ஹை-ஹாட்டும் சிம்பலும் ஓயாமல் ஒலிக்கின்றன. அந்த 6,000 ஹெர்ட்ஸ் மேடு ஜாஸ் கேட்பவருக்குச் சுவை, நமக்கு ஒரு மணி நேரத்தில் தலைவலி. இதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டார்களாம். ஹெட்போனை இயக்கும் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதே, எந்த ஆம்பில் கேட்டார்கள்? உங்கள் வால்வு ஆம்பின் வெளியீட்டு மின்தடை 100 ஓம் இருக்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எச்டி 650 பெயருக்கு 300 ஓம், ஆனால் அதன் பேஸ் ஒத்ததிர்வுப் பகுதியில் 500 ஓமை நெருங்குகிறது. அந்த ஆம்பில் மாட்டினால் ஏற்கெனவே உள்ள மேட்டின்மேல் ஏறத்தாழ 1 டெசிபல் கூடுதலாக ஏறும். பிளானரின் மின்தடை எல்லா அலைவரிசையிலும் ஒரே அளவில் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒருவனுக்கு மட்டும் சேற்றைப் பூசி நிறுத்திவிட்டு, இவன் அழுக்கு என்று ஊரைக் கூட்டிக் காட்டியிருக்கிறீர்கள். 75 மில்லிவிநாடியைப் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆறாம் தந்தி:
என் கேள்வியும் அப்படியே நிற்கிறது. எத்தனை டெசிபல் குறைந்தால் அடங்கியதாகக் கொள்வது?

தகடன்:
வால்வு ஆம்ப் பற்றிக் கரும்பறை பாடம் எடுக்கத் தேவையில்லை. அதே ஒப்பீட்டை டிரான்சிஸ்டர் ஆம்பிலும் செய்திருக்கிறேன். அடி அடங்குகிறது. எல்சிடியின் பள்ளத்தைப் பற்றிச் சொன்னீர்கள், அந்தப் பள்ளம் இருப்பதால்தான் மணிக்கணக்கில் கேட்க முடிகிறது.

மலையருவி:
அரைக் கிலோவுக்கு மேல் எடையுள்ள எல்சிடியைத் தலையில் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் எப்படிக் கேட்கிறார் என்று வியக்கிறேன். எச்டி 800 எஸ் 330 கிராம்தான். மே மாதச் சென்னையில் அந்தத் தோல் திண்டுக்குள் காது வெந்துவிடும்.

கரும்பறை:
பேசியது போதும். திரை மறைவில் இரண்டு ஹெட்போன்களையும் ஒலியளவைச் சமன்செய்து, வெளியீட்டு மின்தடை 1 ஓமுக்குக் கீழே உள்ள ஆம்பில், எச்டி 650இன் பேஸை எல்சிடியின் கோட்டுக்கு ஈக்குவலைசரால் கொண்டுவந்து, கிக் டிரம் மட்டும் உள்ள 200 வேகப் பகுதியைப் போட்டு, எது வேகமானது என்று தகடன் சொல்லட்டும். எடை தெரிந்துவிடும் என்பதால் மாட்டிவிடுவதை இன்னொருவர் செய்ய வேண்டும், தகடன் கையால் தொடக் கூடாது.

தகடன்:
தலையில் வைத்தால் எடை தெரியாதா? ஈக்குவலைசர் போட்டால் அது எச்டி 650 அல்ல, நீங்கள் தயாரித்த வேறொரு ஹெட்போன். அப்படி ஒரு பொருளை யாரும் கடையில் வாங்குவதில்லை. ஈக்குவலைசர் இல்லாமல் என்றால் வருகிறேன்.

கரும்பறை:
ஈக்குவலைசர் இல்லாமல் என்றால் நீங்கள் கேட்கப் போவது மேட்டை, வேகத்தை அல்ல. நான்கு பதிவுகளாக நான் சொல்லிக்கொண்டிருப்பதே இதுதான். நிபந்தனையை மாற்ற மாட்டேன்.

பழைய கேசட்:
மூன்றாவதாகக் கிராடோவையும் வைப்பதாக இருந்தால் என்னுடையதைக் கொண்டுவருகிறேன். பஞ்சுத் திண்டைப் பற்றி இன்னொரு முறை பேசினால் வர மாட்டேன்.