மொத்த ரயர் சைக்கிளுக்கு எந்த ரயர் போடலாம்? கையில் 25,000 தான் இருக்கிறது

முள்ளியவளையான்:

எல்லோருக்கும் வணக்கம். மச்சான் கனடாவுக்குப் போகும்போது தன்னுடைய ஃபற் பைக்கை, அதாவது மொத்தமான அகல ரயர் போட்ட சைக்கிளை, எங்கள் விறாந்தையில் சாத்திவிட்டுப் போனான். எட்டு மாதம் அதில் கோழிதான் ஏறி இருந்தது. பிறகு கிளினிக்கில் சீனி கூடிவிட்டது என்று சொன்னதும் நான் தூசி தட்டி எடுத்தேன். இப்போது வாரத்தில் நாலு நாள் ஓடுகிறேன், பைத்தியம் பிடித்துவிட்டது.

சைக்கிள் விபரம்: 26 அங்குலச் சில்லு, ரயர் 26 × 4.0. அலுமினிய றிம், நடுவில் வட்ட வட்டமாக ஓட்டை, அதற்குள்ளால் சிவப்பு நாடா தெரியும். என் நிறை 84 கிலோ.

ஓடும் பாதை மூன்று விதம். முல்லைத்தீவு வரை தார் வீதி. அங்கிருந்து செல்வபுரம், சிலாவத்தை, அளம்பில் என்று கடற்கரை மணல். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிறவல் வீதியும் குளக்கட்டும்.

பின் ரயர் நடுவில் மொட்டையாகி, ஒரு இடத்தில் வெள்ளை நூலும் தெரிகிறது. நெருஞ்சி முள்ளுக்குக் கிழமைக்கு ஒரு ஒட்டு. அதைவிட வெட்கமான விஷயம் மணல். 200 மீற்றர் போவதற்குள் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. கரைவலை இழுக்கிறவர்கள் "மாஸ்டர், சைக்கிள் உங்களை ஓடுதோ, நீங்கள் சைக்கிளை ஓடுறீங்களோ?" என்று கேட்கிறார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் கணக்குப் படித்தவர்கள்.

கொழும்பில் விசாரித்தேன். ஓரத்தில் கம்பி வைத்த சாதாரண ரயர் ஒன்று 16,500 ரூபாய். மடித்து வைக்கக்கூடிய மெல்லிய ரயர் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். 4.8 அங்குலம் போட்டால் மணலில் மிதக்கும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் மோட்டார் சைக்கிள் ரயரையே போடலாம் என்கிறார். இரண்டு ரயருக்கும் சேர்த்து 25,000க்கு மேல் வீட்டில் கேட்க முடியாது. என்ன செய்யலாம்?

கம்பி இழுப்பவன் (பரந்தன்):

மாஸ்டர், காசை எடுக்க முன்னர் ஒரு கேள்வி. மணலுக்குள் இறங்கும்போது காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? எல்லா அளவும் எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் காணவில்லை. 20 பி.எஸ்.ஐ.க்கு (காற்றழுத்த அளவு) குறையாது என்று பந்தயம் பிடிப்பேன்.

இந்தச் சைக்கிள் பிறந்ததே காற்றைக் குறைப்பதற்காகத்தான். அலாஸ்காவில் பனிக்குள் ஓடியவர்கள் தொடக்கத்தில் இரண்டு றிம்மைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டிப் பார்த்தார்கள். நியூ மெக்சிக்கோவில் மணலுக்கென்று அகல றிம் செய்தார்கள். 2005 இல் சேர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற சைக்கிளை விட்ட பிறகுதான் இது சாதாரண ஆள் கடையில் வாங்கும் பொருளானது. அகலம் இருந்தால் காற்றைக் குறைத்தும் றிம் நிலத்தில் அடிபடாது, அதுதான் சூட்சுமம். காற்றை இறுக்கி வைத்துக்கொண்டு மணலில் ஓடுவது, அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு கரியரைச் சும்மா விடுவது போல.

உங்கள் நிறைக்கு நான் வைக்கும் அளவு: தாரில் 15 முதல் 18. கிறவலில் 10, 12. காய்ந்த மணலில் 6, அதற்கும் புதைந்தால் 5. அதற்குக் கீழே போனால் கல்லில் றிம் அடிபடும்.

அளவு சரியா என்று பார்க்க மணலையே கேட்கலாம். 18இல் ஓடிவிட்டுத் திரும்பிப் பாருங்கள், இரண்டு விரல் அகலத்தில் வாய்க்கால் வெட்டின மாதிரி ஆழமான கோடு இருக்கும். 6க்கு இறக்கிவிட்டு ஓடினால் கையகலத்தில் ஆழமில்லாத தடம். ரயரின் மேலே துருத்தி நிற்கும் குமிழ் ஒவ்வொன்றும் பாயின் பின்னல் மாதிரி மணலில் பதிந்திருக்கும். அந்தப் பாய் தெரியும் வரை காற்றை விட்டுக்கொண்டே இருங்கள். அப்புறம், காலால் அடிக்கும் பம்மில் 160 வரை இருக்கும் மானியை நம்ப வேண்டாம். 10க்குக் கீழே அதன் முள் தூங்கும். 30 வரை மட்டும் காட்டும் சின்ன மானி ஒன்று வாங்குங்கள். ரயரை விட அதுதான் உங்களுக்கு முதல் தேவை.

இனி ரயர். காய்ந்த மணலில் பெரிய குமிழ் உதவாது, அது மணலைத் தோண்டும். உங்கள் மொட்டை ரயர் கடற்கரைக்குக் கெட்டதே இல்லை. நூல் தெரிவதும் கிறவலில் வழுக்குவதும்தான் பிரச்சினை. எனவே நடுவில் குமிழ் பதிவாகவும் நெருக்கமாகவும், ஓரத்தில் கொஞ்சம் உயரமாகவும் உள்ளதைப் பாருங்கள். தாரில் இரைச்சலும் குறையும். மாரியில் வயல் களிக்குள் இறங்க யோசித்தால், அதற்கு எந்த ரயரும் இல்லை. சில்லைப் பிடித்திருக்கும் கவைக்கும் ரயருக்கும் இடையில் களி அடைந்து சில்லு சுற்றாது, தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

மடிக்கும் ரயர் என்றால் பாரம் குறையும், ஓட அருமையாக இருக்கும். ஷ்வால்பேயின் ஜம்போ ஜிம், மக்சிஸ் மினியன் எல்லாம் நல்ல ரயர்கள்தான். ஆனால் 120 டி.பி.ஐ. (ரயர்த் துணியில் ஒரு அங்குலத்துக்கு உள்ள நூல் எண்ணிக்கை) என்றால் துணி மெல்லியது, நம்முடைய முள்ளுக்குள் அதைக் கொண்டுபோக எனக்கு மனம் வராது. 30 அல்லது 60 டி.பி.ஐ. உள்ள தடித்த கம்பி ரயர் பாரம், ஆனால் பொறுமைசாலி. கெண்டா, தாய்லாந்தின் வீ, சீனத்துச் சாயோயாங் எது கிடைத்தாலும் பெயரைப் பார்க்காமல் பக்கச் சுவரைக் கையால் மடித்துப் பாருங்கள்.

4.8ஐ மறந்துவிடுங்கள். 4.0க்குச் செய்த சட்டத்தில் பின்னால் இடம் இருக்காது, செயினும் உரசும். இப்போது இருக்கும் ரயருக்கு இரண்டு பக்கமும் சுண்டுவிரல் போகிறதா என்று பாருங்கள், விளங்கும்.

மோட்டார் சைக்கிள் ரயர் சொன்னவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள். உங்கள் றிம்மில் ரயர் உட்காரும் குறுக்களவு 559 மில்லிமீற்றர். 18 அங்குல மோட்டார் சைக்கிள் றிம் கிட்டத்தட்ட 457. எப்படி ஏறும்? வாங்கும்போதும் பக்கத்தில் 98-559 அல்லது 100-559 என்ற மாதிரி எழுதியிருக்கும், கடைசி மூன்று இலக்கம் 559 ஆக இருக்க வேண்டும். மின்சார சைக்கிளுக்கு வரும் 20 × 4.0 ரயரில் 406 என்றிருக்கும். விளம்பரப் படத்தில் இரண்டும் ஒரே மாதிரி.

கடைசியாக, ஒரு ரயர் மட்டும் வாங்குங்கள். இப்போது முன்னால் இருப்பதைப் பின்னால் மாற்றி, புதியதை முன்னால் போடுங்கள். பின் சில்லு வழுக்கினால் ஆடிச் சமாளிக்கலாம், முன் சில்லு வழுக்கினால் முகம்தான் முதலில் நிலத்தைத் தொடும். மிச்சக் காசுக்கு மானியும் ஒரு ரியூப்பும்.

வட்டுவாகல்:

மேலே அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கொம்பிரசர் உள்ள கடையில் காற்று அடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், ஃபோனைப் பார்க்காதீர்கள்.

போன வருடம் மோட்டார் சைக்கிள் கடை ஒன்றில் சைக்கிளைக் கொடுத்துவிட்டு ரீசார்ஜ் போடப் போனேன். பெடியன் ரயரின் பருமனைப் பார்த்து மோட்டார் சைக்கிள் கணக்கில் 40க்கு அடித்துவிட்டான். ரயர் ஒரு பக்கம் றிம்மிலிருந்து எழும்பி, ரியூப் வெள்ளரிக்காய் மாதிரி வெளியே தள்ளி வெடித்தது. அன்று இரவு வரை காதுக்குள் கூ என்றது. பெடியன் மேலும் பிழை சொல்ல முடியாது, எங்கள் ஊரில் அவன் கண்ட முதல் மொத்த ரயர் சைக்கிள் என்னுடையதுதான். ரயரின் பக்கத்தில் ஆகக்கூடிய அளவு எழுதியிருக்கும், என்னுடையதில் 20.

கம்பி இழுப்பவன் (பரந்தன்):

இதற்குக் காரணம் இருக்கிறது, மாஸ்டருக்கு விளங்கும். ரயர்த் துணியில் விழும் இழுவை, காற்றழுத்தத்தை ரயரின் ஆரையால் பெருக்கிய அளவு. 4 அங்குல ரயரில் 30 வைத்தால் 2 அங்குல ரயரில் 60 வைத்த இழுவை. கைக்கு மெத்தென்று இருக்கும், உள்ளே துணி வில் மாதிரி இழுபடும்.

நெடுங்கேணி அக்கா:

நான் மகனுடைய ஃபற் பைக்கில்தான் தோட்டத்துக்குப் போய் வருகிறேன், கரியரில் தண்ணீர்க் கானும் ஏறும். முள்ளுக்கு என் வைத்தியம்: பழைய மோட்டார் சைக்கிள் ரியூப்பை நீளவாக்கில் வெட்டி, ரயருக்கும் ரியூப்பிற்கும் இடையில் படுக்க வைப்பது. வெட்டின ஓரத்தை மண்தாளால் தேய்த்து மெலிதாக்கி, முகப்பவுடர் தூவ வேண்டும். அவசரத்தில் நான் தேய்க்காமல் போட்டேன். குறைந்த காற்றில் ஓட ஓட அந்த ஓரமே ரியூப்பை அறுத்து ஒரு மாதத்தில் ஓட்டை போட்டது, முள் செய்யாத வேலையை.

இது நெருஞ்சிக்குக் காணும். விடத்தல் முள்ளுக்கும் உடை முள்ளுக்கும் காணாது, அது விரல் நீளம். அதற்கு ஒட்டுத் தாளும் சொலூசனும் பையில் இருந்தால்தான் வீடு.

இன்னொன்று, தம்பி. மொத்த ரயர் எங்கும் போகும் என்பதற்காக நீங்களும் எங்கும் போக வேண்டாம். மிதிவெடி என்று மண்டையோட்டுப் பலகை நட்ட காணி இன்னும் இருக்கிறது, பலகை விழுந்த காணியும் இருக்கலாம். உழவு இயந்திரம் போன தடத்தை விட்டு இறங்காதீர்கள். ஒட்டுசுட்டான் பக்கம் அந்திக்குப் பிறகு யானை வேறு.

முள்ளியவளையான்:

எல்லோருக்கும் நன்றி. பந்தயத்தில் கம்பி அண்ணை வென்றார். மானி வரக் காத்திருக்கவில்லை, நேற்று விடியச் செல்வபுரத்தில் இறங்கி, பாய் தெரியும் வரை காற்றை விட்டேன். எனக்கே பயம், ரயர் பழுத்த கத்தரிக்காய் மாதிரி கிடந்தது. ஏறி மிதித்தால் ஓடுகிறது! அலை நனைத்துவிட்டுப் போன ஓரத்தில் இன்னும் நல்லது. ஆனால் எங்கள் கடலில் வற்றுப்பெருக்குக் குறைவு என்பதால் அந்த இறுகிய மணல் ஒரு மேசை அகலம்தான். கரைவலைக் கயிறு வந்த இடத்தில் மட்டும் இறங்கித் தூக்கினேன். அளம்பில் வரை போய் வந்தேன். பழைய மாணவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, அதுவே போதும். வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விட்டேன், உப்பு பொல்லாதது.

60 டி.பி.ஐ. கம்பி ரயர் ஒன்று சொல்லியிருக்கிறேன். 4.0 ரியூப் கிடைக்கவில்லை, 26 × 2.5 இருக்கிறதாம். போடலாமா?

இன்னொரு சந்தேகம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பின் சில்லில் வால்வ் நேராக இல்லை, ஒரு பக்கம் சரிந்து நிற்கிறது. போகும்போது நேராகத்தான் இருந்தது.

கம்பி இழுப்பவன் (பரந்தன்):

2.5 ரியூப் ஊதி வரும், ஆனால் இழுபட்டு மெலிந்துவிடும். வழியில் மாற்ற மட்டும் பையில் வைத்திருங்கள்.

வால்வ் சரிந்தது, குறைந்த காற்றில் பிரேக் பிடிக்கும்போது ரயர் றிம்மில் வழுகி, ரியூப்பையும் கூட இழுத்ததால். அப்படியே ஓடினால் வால்வ் அடியோடு பிய்ந்துவிடும், அது ஒட்ட முடியாத ஓட்டை. முழுக் காற்றையும் விட்டு ரயரைக் கையால் திருப்பி வால்வை நேராக்குங்கள். வால்வின் அடியில் இருக்கும் சின்ன நட்டை இறுக்க வேண்டாம், கழற்றியே விடுங்கள். பிறகு ரயரிலிருந்து றிம் வரை வெண்கட்டியால் ஒரு கோடு போடுங்கள், உங்களிடம் அதற்குப் பஞ்சமா? கடற்கரையால் வந்ததும் கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால், அடுத்த தடவை பின்னால் ஒரு பி.எஸ்.ஐ. கூட்டிப் பாருங்கள்.